வெள்ளத்தில் கிடந்த நைன்ரியை எடுத்துப்போன மகளுக்கு

என் அன்புப் பிள்ளைக்கு,

நீ முள்ளியவளைக்குப் போய் ஒரு கிழமை ஆகிறது. ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுக்கிறாய். சாப்பிட்டியோ என்று நான் கேட்கிறேன், ஓம் என்று நீ சொல்கிறாய். பிறகு அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, "செயினுக்கு ஒயில் விட்டனியோ?" என்று கேட்கிறார். அதோடு கதை முடிந்துவிடுகிறது. நீ தங்கியிருக்கிற வீட்டுக்காரர் எப்படி, கந்தோரில் ஆர் நல்லவர், ஆர் முசுடு, உன்னை விவசாயப் போதனாசிரியர் என்று மதித்துக் கதைக்கிறார்களா, இதையெல்லாம் அறிய எனக்கு ஆசை. அவருக்குச் செயின்தான் முக்கியம். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வெட்கமான விஷயங்களையும் கடிதத்தில் எழுதிவிடலாம். நீ வாசித்துவிட்டுச் சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

முதலில் நீ போவதற்கு முன் நாங்கள் போட்ட சண்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணா பிரான்சிலிருந்து உனக்குப் புது ஸ்கூட்டி எடுத்துத் தருகிறேன் என்று சொன்னபோது நான் அவன் பக்கம்தான் நின்றேன். "உத்தியோகம் பார்க்கப் போற பிள்ளை உந்தக் கிழட்டு நைன்ரி மோட்டார் சைக்கிளில போய் இறங்கப் போறியோ? உன்னைவிட அதுக்கு வயசு கூட" என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. கையில் இருந்த துணியால் பெற்றோல் ராங்கியைத் துடைத்துக்கொண்டே, "புதுசு நடு றோட்டில நிண்டால் நான் என்னம்மா செய்யிறது? ஆரையாவது கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டு நிக்கவேணும். இது நிண்டால் ஏன் நிண்டதெண்டு எனக்குத் தெரியும்" என்றாய். கோபம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். குசினிக்குள் போய்ச் சட்டி பானையை அடித்துக் கழுவினேன். ஆனால் நான் மறித்ததற்குக் காரணம் நீ நினைத்தது அல்ல. ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. அந்த மோட்டார் சைக்கிளைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு அப்பாவின் கால்தான் தெரியும். அந்த இரும்பை என் பிள்ளை கொண்டு போவதா என்றுதான் மனம் கொதித்தது.

அந்த மார்கழி மாதத்தை நீ மறந்திருக்கமாட்டாய். உன் உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றது. மழை விடாமல் பெய்து குளம் முட்டி, வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது எங்கள் வளவுக்குள் ஏற்கெனவே கணுக்கால் தண்ணீர். எங்கள் கண்டாவளைக்கு வெள்ளம் புதிதல்ல. ஆனால் அந்த வேகத்தில் தண்ணீர் ஏறி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நீ புத்தகங்களை உரப்பைக்குள் போட்டுக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாய். நான் அடையாள அட்டைகளையும் உன் பரீட்சை அனுமதி அட்டையையும் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் சொருகினேன். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேருமாக நடந்தோம். பாதிவழியில் அப்பா நின்றுவிட்டார்.

"நீங்கள் போங்கோ. நான் பின்னால வாறன்."

"எங்க போறியள்?"

"நைன்ரி கொட்டிலுக்குள்ள நிக்குது. கட்டாட்டி இழுத்துக்கொண்டு போயிடும்."

"போகட்டுமப்பா! நீங்கள் வாங்கோ!" என்று நான் கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தில் அவருக்குப் பின்னால் போயிருப்பேன். நீ என் கையைப் பிடித்திருந்ததால் போகவில்லை.

நெஞ்சளவு தண்ணீருக்குள் நின்று நைன்ரியை வளவு மூலைப் பாலை மரத்தோடு கயிற்றால் கட்டிவிட்டு வந்தார். வந்தவரின் சாரத்தில் இரத்தம். கொட்டில் கூரைத் தகரம் ஒன்று கழன்று தண்ணீரோடு வந்து இடது காலின் முன்பக்கத்தைக் கிழித்திருந்தது. "கீறல்தான்" என்றார். ஊறிய கால், சேற்றுத் தண்ணீர், அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வந்த டொக்டர் மருந்து கட்டி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தே இருக்கவேண்டும், ஆறச் சுணங்கும் என்று சொல்லிப் போனார்.

வெள்ளம் வற்றி வீட்டுக்குத் திரும்பியபோது வயலில் நெல்லுக்குப் பதிலாகச் சேறுதான் இருந்தது. நைன்ரி பாலை மரத்தடியில் பக்கவாட்டில் விழுந்து, கைபிடி வரை சேறு பூசி, செத்த மாடு மாதிரிக் கிடந்தது. அன்றைக்கே ரேடியோவில் சொன்னார்கள், நின்ற பரீட்சை திரும்பவும் தொடங்குகிறது என்று. பஸ் வருகிற வழியில் மதகு அடிபட்டுப் போய், பஸ் ஓடவில்லை; மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும்தான் ஓரத்தால் இறங்கிப் போகலாம். உன் பரீட்சை மண்டபம் கிளிநொச்சியில். தெரிந்தவர்கள் எல்லோருடைய வண்டியும் எங்கள் வண்டி மாதிரித்தான் சேற்றுக்குள். நீ மரத்தடிக்குப் போய் நைன்ரியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாய். அசையவில்லை. நானும் வந்து பிடித்தேன். இரண்டு பேருமாக அதை நிமிர்த்தி முற்றத்துக்கு உருட்டி வந்ததைப் பார்த்துவிட்டு அப்பா விறாந்தையில் கட்டிலைப் போடச் சொன்னார். காலைத் தலையணைக்கு மேல் வைத்துக்கொண்டு, படுத்தபடியே எங்களுக்கு மெக்கானிக் ஆனார்.

"முதல்ல உதையாதையுங்கோ! ஒருத்தரும் கிக்கரில கால் வைக்கக்கூடாது!" இதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. பிள்ளை, இதை நீ எப்போதும் ஞாபகம் வைத்திரு. தண்ணீர் குடித்த எஞ்சினை ஸ்ராட் பண்ணிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். உள்ளே தண்ணீர் நிற்கும்போது உதைத்தால், அதுவரை கெடாததும் கெட்டுப்போகும். பிளக்கைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டு, இப்போது மெல்லமாக உதையுங்கோ என்றார். நான் குனிந்து பிளக் ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் நீ உதைத்தாய். உள்ளே நின்ற தண்ணீர் முழுக்க என் முகத்தில் அடித்தது. வெள்ளம் வந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அப்பா கட்டிலில் கிடந்து குலுங்கிச் சிரித்து, பிறகு கால் நோகுது என்று முனகினார்.

அடியில் இருந்த நட்டைத் திறந்து ஒயிலை வடியவிட்டோம். கறுப்பாக வரவேண்டியது பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. "தண்ணி கலந்திட்டுது. புது ஒயில் விட்டு, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் ஊத்திப்போட்டு, திரும்பப் புதுசு விடவேணும். கஞ்சத்தனம் பார்த்தால் எஞ்சின் போயிடும்" என்றார். ராங்கியில் இருந்த பெற்றோலை வெள்ளைப் போத்தலில் எடுத்தாய். அடியில் தண்ணீரும் சேறும், மேலே பெற்றோலுமாகப் பிரிந்து நின்றதை அவருக்குக் கொண்டுபோய்க் காட்டினாய். காபரேற்றரைக் கழற்றி, பழைய சாப்பாட்டுத் தட்டில் போட்டு, அதன் மிகச் சின்ன ஓட்டையை வயரில் இருந்து உரித்த ஒற்றைச் செப்புக் கம்பியால் குத்தினோம். "ஊசியால குத்தாதை, ஓட்டை பெருத்திடும்!" என்று விறாந்தையிலிருந்து சத்தம். பிளக்கை அடுப்புத் தணலுக்குப் பக்கத்தில் காயவைத்தேன். அடுப்பில் அரிசி, அடுப்போரத்தில் பிளக். சோறு காய்ச்சினபடியே வண்டி திருத்தின மனுசி நானாகத்தான் இருப்பேன். நீ ஒரு கையில் தாவரவியல் குறிப்பையும் மறுகையில் நட்டுக் கழற்றும் சாவியையும் வைத்துக்கொண்டு திரிந்தாய். உன் குறிப்புப் பக்கங்களில் கறுப்புக் கைரேகை இன்னும் இருக்கிறது.

நைன்ரி உயிர் பெற்ற சத்தம் கேட்டதும் பக்கத்து வளவுக்காரரும் ஓடிவந்தார்கள். வெள்ளைப் புகை கக்கியது, இருமியது, ஆனாலும் நின்றுபோகவில்லை. வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கையில் ஓடிப் பார்த்தேன், திரும்ப வந்தேன், நன்றாகத்தான் ஓடியது. வயலுக்கு உரம் ஏற்றிப்போகவென்று அப்பா எனக்கு அதை ஓடப் பழக்கியிருந்தார். கிளச் பிடி இல்லாத வண்டி, காலால் கியர் மாற்றினால் போதும். ஆனால் பெரிய றோட்டில் நான் ஓடியதே இல்லை. லைசென்சும் பிறகுதான் எடுத்தேன். இதை உன் கந்தோரில் சொல்லித் திரியாதே.

பரீட்சை நாள் காலையில், வெள்ளைச் சீருடையில் சேறு தெறிக்காமல் இருக்க இடுப்பிலிருந்து கீழே உரப்பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நீ பின்னால் ஏறினாய். நேரத்தோடு வெளிக்கிட்டோம். கண்டாவளைச் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சின் இழுக்க மாட்டாமல் திணறி, இரண்டு மூன்று தரம் விக்கி, நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சேற்று வயல். எதிரே நிவாரணச் சாமான் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்து எங்களைத் தாண்டிப் போனது. எங்கள் திசையில் ஒருவரும் வரவில்லை. பெற்றோல் இருக்கா என்று மூடியைத் திறந்து பார்த்தேன், இருந்தது. மூடிவிட்டு உதைத்தேன், உடனே ஸ்ராட் ஆனது. சரி, ஏதோ தூசி என்று நினைத்து ஓடினேன். அதேயளவு தூரம் போனதும் அதே திணறல், அதே விக்கல். திரும்பவும் நின்றது.

அப்பாவுக்குப் போன் எடுத்தாய். "பிளக்தான். கழட்டித் துடையுங்கோ" என்றார். கழற்றினோம். பிளக் நல்ல செங்கல் நிறத்தில், காய்ந்து இருந்தது. எஞ்சினில் தொட்டு உதைத்துப் பார்த்தால் நீல நெருப்பு பளிச்சென்று அடித்தது. நீ அதைச் சொன்னாய். "இல்லைப் பிள்ளை, சூட்டில விடுதாக்கும். திரும்பக் கழட்டு" என்றார். திரும்பவும் கழற்றினோம். உன்னைத் தொட வேண்டாம், சட்டை ஊத்தையாகும் என்று நான் சொல்ல, நீ கேட்காமல் குனிய, நான் உன்னைத் தள்ள, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டோம். உன் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. ஆனால் அழவில்லை. "அம்மா, நான் நடக்கிறன். நீங்கள் பின்னால கொண்டு வாங்கோ" என்று புத்தகப் பையைத் தோளில் போட்டாய். கிளிநொச்சிக்கு நடந்தா? நேரத்துக்கு எங்கே போய்ச் சேருவது? போனில் அப்பா இன்னும் பிளக்கைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவர் கதைத்து முடிக்கும் முன் நான் எழும்பிப் போனதில்லை. அன்றைக்கு உன் கையிலிருந்து போனைப் பறித்துக் கட் பண்ணினேன்.

"பொறு பிள்ளை. ஒருக்கா யோசிப்பம்" என்றேன்.

வீட்டில் எத்தனையோ முறை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பெற்றோல் வருதோ, நெருப்பு வருதோ, காத்துப் போகுதோ, எந்த எஞ்சினுக்கும் இவ்வளவுதான் கேள்வி. நெருப்பு வருகிறது. அப்படியானால் மற்ற இரண்டில் ஒன்று. மறுபடி பெற்றோல் மூடியைத் திருகினேன். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளுக்குப் போனது. முதல் தடவை திறந்தபோதும் அந்தச் சத்தம் இருந்தது, பதட்டத்தில் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூடியை மூடி உதைத்தேன், ஸ்ராட் ஆனது. நிறுத்தினேன்.

"பிள்ளை, வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில இருக்கேக்க, நிவாரணத்துக்குத் தந்த ரின்பாலை நீ ஆணியால குத்தினியே?"

நீ என்னைப் பார்த்த பார்வை! அம்மாவுக்கு மண்டை பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பாய். "ஓம், அதுக்கென்ன?"

"ஒரு ஓட்டை போட்டாய். பால் வரேல்லை. என்ன செய்தனி?"

"மற்றப் பக்கம் இன்னொரு ஓட்டை..." என்று தொடங்கிய நீ அப்படியே நிறுத்தினாய். உன் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. "காத்து! அம்மா, ராங்கிக்குள்ள காத்துப் போகேல்லை! பெற்றோல் இறங்க இறங்க உள்ளுக்கு இழுபட்டு, பிறகு இறங்க ஏலாமல் நிக்குது. நீங்கள் மூடியைத் திறக்கிறபடியால்தான் திரும்ப ஸ்ராட் ஆகுது!"

இரண்டு பேரும் மூடியைப் புரட்டிப் பார்த்தோம். அதன் நடுவில் காற்றுப் போகவென்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும். வெள்ளத்துச் சேறு உள்ளே போய்க் காய்ந்து, இருந்த இடமே தெரியாமல் அடைத்திருந்தது. வண்டியின் மற்ற எல்லாவற்றையும் கழுவின நாங்கள் மூடியை வெளியால் மட்டும்தான் துடைத்திருந்தோம். ஒழுங்கைக்குள் ஓடிப் பார்த்தபோது அந்தப் பழுது தெரியாமல் போனதும் அதனால்தான், பெற்றோல் இறங்கி இழுபடக் கொஞ்சத் தூரமாவது ஓடவேண்டுமே. என் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் குத்தினேன். உள்ளிருந்து மண் பொடியாக உதிர்ந்தது. நீ மூடியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாய். காற்றுப் போனது. உன் உதட்டில் சேறு. ஏறு என்றேன். அன்றைக்கு நான் ஓடின வேகத்தை அப்பாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை தொடங்கிவிட்டது. வாசலில் நின்ற மேற்பார்வையாளர் அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், இடுப்பில் கட்டியிருந்த உரப்பையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். முழங்கை வரை கறுப்பு. "கண்டாவளையோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றாய். "ஓடு பிள்ளை, முகத்தைத் துடைச்சுக்கொண்டு ஓடு" என்றார். நீ உரப்பையை அவிழ்த்து என்னிடம் எறிந்துவிட்டு ஓடினாய். நான் வேப்பமரத்தடியில் நைன்ரியோடு இருந்தேன். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம், ஆனால் வழியில் திரும்பவும் நின்றுவிடுமோ என்று அதை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. அங்கே இருந்தபடி அப்பாவுக்குப் போன் எடுத்தேன். மூடி ஓட்டை அடைத்திருந்தது என்று சொன்னதும், "அது எனக்கு வரேல்லையப்பா... பிள்ளை போயிட்டாளோ உள்ளுக்கு?" என்று கேட்டார்.

கடைசிக் கேள்விக்கு நேரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தாய். அதற்குப் பிறகு வந்த பாடங்களுக்கெல்லாம் அந்த வண்டியில்தான் போய் வந்தோம், ஒரு நாளும் அது நிற்கவில்லை. நீ நினைத்த மருத்துவ பீடம் கிடைக்கவில்லை, விவசாய பீடம் கிடைத்தது. விட்ட அந்தக் கேள்வியால்தான் என்று அப்பா கனகாலம் தன்னைத் தானே வதைத்துக்கொண்டார். ஒருநாள் நீயே அவரிடம் சொன்னாய், "அப்பா, அந்தக் கேள்வி எனக்கு நேரம் இருந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்று. அது உண்மையா, அவருக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை.

அப்பாவின் கால் ஆறவில்லை. பரீட்சை முடிந்து கொஞ்ச நாளில் பெரிய ஆசுப்பத்திரியில் இடதுகால் விரல்களை எடுத்தார்கள். கியர் மாற்றுகிற கால் அது. வீட்டுக்கு வந்த அன்று நைன்ரியின் பக்கம் பார்க்காமலேயே உள்ளே போனார். எனக்கு அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடவேண்டும் போல இருந்தது. உண்மையாகவே ஒருநாள் அந்த ஆள் லொறியோடு வந்தபோது படலை வரைக்கும் போய்க் கூப்பிட்டேன். நீதான் பின்னால் வந்து, "அப்பாவுக்கு இனி என்ன வேலை இருக்கும் அம்மா?" என்று மெதுவாகக் கேட்டாய். லொறிக்காரரைப் போகச் சொன்னேன். நீ சொன்னது சரி. கதிரையை முற்றத்தில் போட்டு, பல்கலைக்கழக விடுமுறைக்கு நீ வருகிறபோதெல்லாம் உனக்குச் சொல்லிச் சொல்லியே அவர் திரும்ப மனுசனானார். நீ ஒயில் நட்டை வீரம் காட்டி இறுக்கிப் புரியை அழித்த அன்று அவர் போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்குத் தெம்பு வந்தது. அப்படிக் கத்துகிற மனுசனுக்கு இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

இனி நான் சொல்கிறதையும் கேள். எங்கள் ஊரைப்போல அல்ல உன் இடம். கடல் காற்றில் உப்பு இருக்கும், செயினும் சில்லுக் கம்பியும் சீக்கிரம் கறள் பிடிக்கும். கிழமைக்கொருக்கால் ஒயில் துணியால் துடை. செயினை இறுக்கிறேன் என்று வீணைக் கம்பி மாதிரி இழுத்து வைக்காதே, நடுவில் விரலால் தள்ளினால் கொஞ்சம் ஆடவேண்டும். போத்தலில் விற்கிற பெற்றோலை அவசரத்துக்கு மட்டும் வாங்கு, வாங்கினால் துணியில் வடித்து விடு. நட்டுகளைக் கை பிடிக்கிற அளவுக்கு இறுக்கி, பிறகு கொஞ்சம் மட்டும். வண்டி நின்றால் கோபத்தோடு உதையாதே. கோபம் வந்தால் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வா. பின்னேரத்தில் புதுக்குடியிருப்பு றோட்டில் மாடுகள் படுத்திருக்கும், லைற்றை நம்பாதே, மெதுவாக வா. ஆராவது ஆம்பிளையள் நின்று, நான் பார்க்கிறன் தங்கச்சி என்று சொன்னால் பார்க்க விடு, அதில் மானம் ஒன்றும் போகாது. ஆனால் அவர் எந்த நட்டைத் திறக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நில். இன்னொன்று, உன் அப்பாவைப்போல நன்றாகத் தெரிந்தவர்களும் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் அதை விடமாட்டார்கள். ஆர் சொன்னாலும், நான் சொன்னாலும், உன் கண்ணுக்கு முன் இருப்பதைப் பார். அன்றைக்கு நெருப்பு வருகிறது என்று நீ சொன்னது சரி. அதை இரண்டாம் தரம் நீ உரத்துச் சொல்லியிருக்கலாம். உன் மேலதிகாரிக்கு முன்னாலும், நாளைக்குக் கட்டுகிறவனுக்கு முன்னாலும், கண்டதைக் கண்டபடி சொல்லு. மரியாதையோடு சொல்லு, ஆனால் சொல்லு.

நீ வெளிக்கிட்ட காலைக்கு வருகிறேன். சாமான் பையைப் பின்னால் கட்டாமல் நீ முதலில் ஸ்ராட் பண்ணினாய். அப்பா படலையடியில் தடியோடு நின்றார். "அப்பா, ஏறுங்கோ" என்றாய்.

"நானோ? பின்னாலயோ?"

"ஓம்."

"போற நேரத்தில என்ன விளையாட்டு? பெற்றோல் வீண். நேரத்தோட வெளிக்கிடு பிள்ளை."

நீ எஞ்சினை ஓடவிட்டபடி அப்படியே இருந்தாய். அவர் என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். கடைசியில் தடியை என்னிடம் தந்துவிட்டு, உன் தோளைப் பிடித்து ஏறினார். அந்த வண்டியை வாங்கின நாளிலிருந்து அவர் அதன் பின் சீற்றில் இருந்தது அன்றைக்குத்தான். சந்தி வரை போய் வருவீர்கள் என்று நினைத்தேன். நேரம் போனது. தேத்தண்ணி ஆறிப்போனது. எங்கேயோ விழுந்துவிட்டீர்கள் என்று நான் றோட்டுக்கே வந்துவிட்டேன். திரும்பி வந்ததும் அவர் இறங்கி, "ரெண்டாம் கியரில கொஞ்சம் இழுக்குது, பார்த்துக்கொள்" என்றார். நீ பையைக் கட்டினாய், என் கன்னத்தில் கொஞ்சினாய், போய்விட்டாய்.

எங்கே போனீர்கள் என்று அன்று பின்னேரம்தான் சொன்னார். வாய்க்கால் கட்டால் எங்கள் வயல் வரைக்கும் போயிருக்கிறீர்கள். கால் விரல்கள் போன பிறகு அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஆட்டோ போகாது, ஒருத்தரின் தோளைப் பிடித்து வரம்பில் நடக்க அவருக்கு மனம் இல்லை. விதைத்ததும் அரிந்ததும் எல்லாம் நான் வந்து சொல்லித்தான் அவருக்குத் தெரியும். நீ வயல் தலைப்பில் நிற்பாட்டி எஞ்சினை ஓஃப் பண்ணினாயாம். அவர் சீற்றில் இருந்தபடியே பார்த்தாராம், கதிர் தள்ளி நிற்கிற நெல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நீர் சொன்னதைவிட நல்லா நிக்குதப்பா பயிர். வரம்பும் வடிவாக் கட்டிக் கிடக்கு. தனிச்சுச் செய்திருக்கிறீர்" என்றார். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது.

கதிர் இன்னும் கொஞ்ச நாளில் பழுத்துவிடும், பிள்ளை. வெட்டுகிறதுக்கு முன் ஒரு சனிக்கிழமை வந்து அவரை அங்கே கூட்டிக்கொண்டு போ. அவர் உன்னிடம் கேட்கமாட்டார், செயினைப் பற்றித்தான் கேட்பார். அதனால் நான் கேட்கிறேன்.

அம்மா